மனநலத் துறையில் சமூகப் பணியாளர்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர், சங்கரன்கோவில்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் கண்முன் வந்து நிற்கின்றன. இவை கண்ணால் காணத்தக்கவை. அளந்து கணக்கில் ஏற்றத்தக்கவை. ஆயினும் ஒரு கிராமத்து மக்களின் மனம் நலமுற்றிருக்கிறதா என்று குறிப்பதற்கு நம்முடைய பதிவேடுகளில் ஒரு பத்தி கிடையாது. மனம் கலங்கிய ஒருவர் உள்ள குடும்பத்தில் அவருடைய உழைப்பு மட்டுமன்றி, அவரைக் காத்து நிற்பவரின் உழைப்பும் நின்றுவிடுகிறது, கடன் ஏறுகிறது, பிள்ளைகளின் படிப்பு தடைப்படுகிறது. எனவே இது மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய காரியம் என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

இத்துறையில் மருத்துவருக்கு அடுத்தபடியாகவும், சிற்சில வேளைகளில் அவருக்கு முன்னதாகவும் தேவைப்படுகிறவர் சமூகப் பணியாளர். அவர் யார், அவர் செய்யும் வேலை யாது, நம் கிராமத்து இளைஞர்களும் பெண்களும் அவ்வேலைக்குத் தகுதி பெறுவது எவ்வாறு என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவு நாடாவில் அடங்காதது

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றிய காலத்தில், அரசு உதவியுடன் கட்டப்பட்டு வந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அஸ்திவாரம், சுவரின் உயரம், ஜன்னலின் அகலம் ஆகியவற்றை நாடா பிடித்து அளந்து குறித்துக்கொண்டேன். வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகையில், ஏறத்தாழ 25 வயதுள்ள இளைஞன் ஒருவன் காலில் சங்கிலியுடன் தூணில் பிணைக்கப்பட்டிருந்தான். அவனுடைய தாயார் என் பார்வை சென்ற இடத்தை அறிந்து, "கட்டாமல் விட்டால் கிணற்றுப் பக்கம் போய்விடுகிறான், ஐயா. நான் களை எடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும்" என்றார். முன்பு ஒரு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதாகவும், மாத்திரை தின்ற நான்கு மாதமும் பையன் தறிக்குப் போய்வந்ததாகவும், பிறகு போக்குவரத்துச் செலவுக்கு வழியின்றி நின்றுவிட்டதாகவும் கூறினார். நான் அனுதாபத்துடன் கேட்டேன். ஆனால் என் குறிப்பேட்டில் சுவரின் அளவு மட்டுமே இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

மறு ஆண்டு இறுதித் தவணைக்காகச் சென்றபோது வீடு முடிந்திருந்தது. கொட்டகை வெறுமையாக இருந்தது. ஓர் இரவு இரக்கப்பட்டுச் சங்கிலியை அவிழ்த்துவிட்டதாகவும், விடிவதற்குள் சென்றவன் திரும்பவே இல்லை என்றும் அந்தத் தாயார் சொன்னார். கோப்பில் அந்த வீடு நிறைவுற்றதாகப் பதிவாயிற்று.

அந்த நாலு மாதத்து மாத்திரைக்கும் கொட்டகைத் தூணுக்கும் இடையே ஒருவர் வந்து நின்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அப்படி நிற்க வேண்டிய மனிதரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் நடுவே

2015–16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. மனச்சோர்வு, பதற்றம், குடிநோய், மனச்சிதைவு முதலிய யாவும் சேர்ந்து, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைவுடன் இருப்பதாக அது கண்டது. சராசரிக் கணக்கின்படி, 1,000 வயது வந்தோர் உள்ள ஊரில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆகின்றனர். நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 சதவீதம் வரையினர் உரிய சிகிச்சை பெறாதிருந்தனர் என்பது அதனினும் கவலைக்குரிய செய்தி.

சிகிச்சை கிட்டாமைக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். மருந்து வீட்டுக்குள் வந்த பின்பும் உண்ணப்படாமல் நிற்பது மற்றொரு காரணம். இதை விளக்க எங்கள் பகுதியில் நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மல்லிகையும் பிச்சியும் பயிராகின்றன. பூச்சந்தைக்குக் கொண்டுவர வேண்டுமானால் விடிவதற்கு முன்னரே பறிக்கத் தொடங்க வேண்டும். அவ்வாறு பூப் பறித்துக் கூலி பெறும் ஒரு பெண்மணி, காதில் குரல்கள் கேட்பதாகக் கூறி அவதியுற்று, மருத்துவரிடம் மாத்திரை பெற்றுக் குணமடைந்து வந்தார். சில மாதங்களில் நோய் திரும்பிற்று. சொல்பேச்சுக் கேளாதவர் என்று வீட்டார் கடிந்தனர். சமூகப் பணியாளரான ஓர் இளம்பெண் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. இரவில் உண்ட மாத்திரையின் மயக்கம் அதிகாலையில் தெளிவதில்லை. எழுந்திருக்க முடியாமல் கூலி போயிற்று. கூலியா மாத்திரையா என்ற கேள்விக்கு அவர் கூலியைத் தேர்ந்துகொண்டார். பணியாளர் இச்செய்தியை மருத்துவரிடம் கொண்டு சென்றார். மருத்துவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்தார். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை மாமியார் ஏற்றார். அப்பெண்மணி இன்றும் பூப் பறிக்கச் செல்கிறார்.

நோயின் பெயரை அறிந்து மருந்து எழுதுவது மருத்துவரின் கடமை. நோயாளியின் வேலை, வருமானம், உறவு, ஊரார் பேச்சு ஆகியவற்றை அறிந்து, அந்த மருந்து அவர் வாழ்க்கையில் பொருந்துமாறு செய்வது சமூகப் பணியாளரின் கடமை. குடும்பத்தாருக்கு நோயின் இயல்பை விளக்குதல், வீடு தேடிச் சென்று காணுதல், மாற்றுத்திறனாளிச் சான்று பெற உதவுதல், குணமடைந்தவருக்கு வேலை தேடித்தருதல், வழி தவறி அலைவோரின் ஊரையும் உறவையும் கண்டுபிடித்தல் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில், உரம் கிடங்கில் இருந்தால் போதாது, அதன் பயனை வரப்பில் நின்று சொல்ல ஒரு கிராம சேவகர் வேண்டும் என்று நம் முன்னோர் கண்டனர். மருந்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

இத்தொழில் வளர்ந்த வரலாறு

மனநோயாளியின் வீட்டை அறியாமல் நோயை அறிய இயலாது என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் அடால்ஃப் மேயர் என்னும் மனநல மருத்துவரின் துணைவியார் 1904-ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று குடும்ப நிலையைக் கேட்டறிந்து வந்தார். 1913-இல் பாஸ்டன் நகர மனநோய் மருத்துவமனையில் மேரி ஜாரெட் என்னும் அம்மையார் இப்பணியை ஒரு தனித் தொழிலாக ஒழுங்குபடுத்தினார். 1918-இல் ஸ்மித் கல்லூரியில் இதற்கான பயிற்சி தொடங்கியது.

நம் நாட்டில் 1936-இல் பம்பாயில் தோன்றிய டாட்டா நிறுவனமே சமூகப் பணியைக் கல்வியாகப் போதித்த முதல் ஸ்தாபனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப் பணிக் கல்லூரி நிறுவப்பட்டது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதுவே 1974-இல் நிம்ஹான்ஸ் என்ற பெரும் நிறுவனமாக உருப்பெற்றது.

1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் செய்த காரியம் நினைவிற்கொள்ளத்தக்கது. அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளிகளின் உறவினர்களையும் உடன் தங்கச் செய்தார். சிகிச்சையைக் கண்ணால் கண்ட உறவினர்களுக்கு அச்சம் நீங்கியது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். குடும்பமே நம் நாட்டில் முதற்பெரும் மருத்துவமனை என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை விளங்கியவர் டாக்டர் சாரதா மேனன் அவர்கள். நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பெறும் இவர், ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃபைத் தோற்றுவித்தார். அந்நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு நடமாடும் ஊர்தியை அனுப்பி, சென்னையிலுள்ள மருத்துவரைத் திரை வழியே நோயாளியுடன் பேசச் செய்தது. மருத்துவர் திரையில் இருந்தார். ஊருக்குள் சென்று நோயாளியை அழைத்து வந்தவர்கள் பயிற்சி பெற்ற களப்பணியாளர்களே.

சமூகப் பணியில் முதுகலை பயின்ற வந்தனா கோபிகுமார் அவர்களின் வாழ்க்கையும் இங்கே குறிப்பிடத்தக்கது. சென்னைத் தெருவில் மனம் பிறழ்ந்து ஆதரவின்றி நின்ற ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைச் சேர்க்க ஓர் இடம் தேடி அலைந்த அனுபவத்தின் விளைவாக, தம் தோழி வைஷ்ணவி ஜெயகுமாருடன் 1993-இல் 'தி பான்யன்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். வீடற்ற பெண்களுக்குச் சிகிச்சை அளித்து, ஊர் கண்டுபிடித்துக் குடும்பத்துடன் சேர்த்தல் அதன் முதற்பணி. திரும்பிச் செல்ல வீடு இல்லாதவர்களுக்குச் சாதாரணத் தெருக்களில் வீடு பிடித்து, சிலர் சேர்ந்து வாழ வகை செய்யும் திட்டத்தையும் அது பின்னர் நடத்தியது. 2014-இல் வெளியான தேசிய மனநலக் கொள்கையை வகுத்த குழுவிலும் வந்தனா அவர்கள் பங்கு பெற்றார். தெருவில் கண்ட ஒருவருக்குச் செய்த உதவியிலிருந்து தேசியக் கொள்கை வரை ஒரு சமூகப் பணியாளர் நடந்து செல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

சட்டமும் சங்கிலியும்

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் மனநோயாளரின் நிலை விசாரிக்கப்பட்டது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று அதன் 95-ஆம் பிரிவு விதிக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது. அலைந்து திரியும் மனநோயாளரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்பது 100-ஆம் பிரிவு.

சட்டம் சங்கிலியை விலக்கலாம். ஆனால் களை எடுக்கச் செல்லும் தாய்க்கு அச்சங்கிலிக்குப் பதிலாக ஒன்றைத் தர வேண்டுமல்லவா? அதைத் தருபவர் சமூகப் பணியாளர்.

கற்கும் வழி

மேல்நிலைக் கல்வி முடித்தவர் முதலில் ஏதேனும் ஒரு பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். இளநிலை சமூகப் பணிப் பட்டம் எனில் நன்று. பிற பட்டங்களும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. அடுத்தது எம்.எஸ்.டபிள்யூ. என்னும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. சென்னை சமூகப் பணிக் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் கல்லூரி முதலிய பல கல்லூரிகளில் இது உண்டு. இதில் மருத்துவ மற்றும் மனநல சமூகப் பணி என்னும் சிறப்புப் பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வகுப்பறைப் பாடத்துடன் மருத்துவமனையிலும் கிராமத்திலும் களப்பணி செய்வது இப்படிப்பின் உயிர்நாடி. களப்பணியில் சலிப்புறுபவர் இத்துறையை விட்டு விலகுவதே நல்லது.

மூன்றாம் படி, மனநல சமூகப் பணியில் மேற்பயிற்சி. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு எம்.பில். பட்டமும் பெற்றவரையே மனநல சமூகப் பணியாளர் என வரையறுக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், அஸ்ஸாமில் தேஸ்பூர் நிறுவனம் ஆகியவை இப்பயிற்சியில் பெயர் பெற்றவை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எம்.பில். பட்டத்தைப் பொதுவாக நிறுத்தியது; மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி ஆகிய இரண்டிற்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு இடம் அளித்தது. ஆகவே இனிச் சேர விரும்புவோர், தாம் பெறப்போகும் பட்டத்தின் பெயர் யாது, சட்டம் கூறும் தகுதியாக அது ஏற்கப்படுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தவர்களுக்கும் வேலை வாய்ப்பு உண்டு. 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோருடன் சமூகப் பணியாளரும் அத்திட்டக் குழுவின் அங்கம். அரசு மருத்துவமனைகளோடு இணைந்து வீடற்ற மனநோயாளருக்காக நடைபெறும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள், குடிநோய் நீக்க நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இவர்கள் பணிபுரிகின்றனர். ஒவ்வோர் அறிவிப்பிலும் தகுதி சற்றே மாறுபடும். கருத்துடன் படித்துப் பார்க்க வேண்டும்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லுதல் முறை. பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையிலானவை. ஊதியம் படிப்பின் நீளத்துக்கு ஏற்றதாக இருப்பதில்லை. ஒரு பணியாளர் பல ஊர்களைச் சுற்றி வர வேண்டும். நன்றாகத் தேறியவர் மீண்டும் நோயுறக் காண்பது மனத்தைச் சோர்வடையச் செய்யும். எனினும் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. எந்த நேரத்தில் எந்த வீட்டுக்குச் செல்லலாம், யாரிடம் முதலில் பேச வேண்டும், சொல்லாமல் விட்ட சொல்லின் பொருள் யாது என்பவற்றை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்க வேண்டியதில்லை.

கோயிலும் மருத்துவமும்

சங்கரன்கோவிலில் பணிபுரிகின்ற ஒருவர் இப்பொருளைப் பற்றி எழுதும்போது கோமதி அம்மன் சந்நிதியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அம்மன் சந்நிதிக்கு எதிரே அமைந்துள்ள சக்கரத்தில் மனக்கலக்கம் உற்றோரை அமரச் செய்து வேண்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். ஆடித்தபசு காலத்தில் மட்டுமன்றி மற்ற நாள்களிலும் அத்தகைய குடும்பங்களைக் காணலாம். இதனை அறியாமை என்று இகழ்பவர்கள் உளர். அவ்வாறு இகழ்வதால் ஒரு நோயாளியும் மருத்துவமனைக்கு வந்துவிடப் போவதில்லை.

தென் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் முதலியோர் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கியோரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. பயமுறுத்தாத, ஆதரவான சூழ்நிலையும், உடன் தங்கிய உறவினரின் துணையும் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். அன்பான சூழலுக்கு வலிமை உண்டு என்பதே இதன் பொருள். மருந்து வேண்டாம் என்பது அன்று. குஜராத்தில் மீரா தாதார் தர்காவிலும், நம் ஏர்வாடியிலும் வழிபாட்டுத் தலத்துக்கு அருகிலேயே மருத்துவ உதவியும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாமல் மாத்திரையைத் தொடரச் சொல்வதே திறமையுள்ள சமூகப் பணியாளரின் வழி.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

நம் பஞ்சாயத்துகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. கட்டிவைக்கப்பட்டோ அடைத்துவைக்கப்பட்டோ எவரேனும் உளரா என்பதை அறிந்து, வீட்டாரைப் பழிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கும் தெரிவிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளதால், தகுதியுள்ளோர் சான்றிதழ் பெற வழிகாட்டலாம். 14416 என்னும் கட்டணமில்லா மனநலத் தொலைபேசி எண்ணை ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி வைக்கலாம். குணமடைந்து திரும்பியவரைப் பழைய பெயர் சொல்லி ஏளனம் செய்யாமல், ஊர் வேலைகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. பயிலும் மாணவர் எவரேனும் இருப்பின், களப்பணியைச் சொந்த ஊரிலேயே செய்ய அழைக்கலாம்.

இப்போது வீடுகளைப் பார்வையிடச் செல்லும்போது, என்னுடன் வரும் அலுவலர்களிடம் ஒன்று சொல்வதுண்டு: சுவரை அளந்து முடித்த பின், வீட்டில் உள்ளோர் அனைவரும் நலமா என்று கேளுங்கள், பதில் வரும்வரை சற்று நில்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த நடவடிக்கை எடுக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருத்தல் வேண்டும். அத்தகையோர் நம் கிராமங்களிலிருந்தே தோன்ற வேண்டும் என்பது என் விருப்பம். படித்த இளைஞர்களும் பெண்களும் இதனைச் சிந்திப்பார்களாக.